சித்திரையிலும் உதிராத முடி

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரு குதிரையின் கதையோடு வந்திருக்கிறேன். பெயர் ராணி. நீலகிரியில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து சுமந்து ஓய்ந்த மட்டக்குதிரை. நான் முதலில் பார்த்தபோது அதற்கு 22 வயது. அதை வளர்த்த பெரியவர் சவாரித் தொழிலை விட்ட பிறகும் குதிரையை விற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வைத்துக்கொண்டார். "இத்தனை வருசம் எங்களுக்குச் சோறு போட்டுச்சு டாக்டர். இப்ப நான் போட வேண்டாமா?" என்பார்.

அவர் என்னைக் கூப்பிட்டது நொண்டியதற்காக. போய்ப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்புப் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நின்றது. குளம்பைத் தொட்டால் சூடு. குளம்புக்கு மேலே, கணுவுக்குப் பின்புறம் விரலை வைத்தால் நாடி துடிக்கிறது. நல்ல குதிரையிடம் அந்த இடத்தில் நாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது குளம்பு அழற்சி, லாமினைட்டிஸ் என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் வந்தது என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. கல் பாதையில் நடந்த கால், வயதான குதிரை என்று நினைத்து, வலிக்கு மருந்து கொடுத்து, தரையில் மெத்தென்று மரத்தூள் போடச் சொல்லிவிட்டு வந்தேன். ஆறு வாரத்தில் மறுபடியும் அழைப்பு. மறுபடியும் அதே கால்கள். அப்போதுதான் குதிரையை முழுதாகப் பார்த்தேன்.

அது சித்திரை மாதம். ஊட்டியில் மலர்க் கண்காட்சிக்கு வேலை நடக்கிற நேரம். பக்கத்துக் கொட்டகைகளில் இருந்த மட்டக்குதிரைகள் எல்லாம் குளிர்கால முடியை உதிர்த்துவிட்டுப் பளபளவென்று நிற்கின்றன. ராணியின் வயிற்றிலும் தாடையிலும் கால்களிலும் மட்டும் விரல் நீளத்துக்கு முடி, நுனி சுருண்டு தொங்குகிறது. "இந்த ஊர்க் குளிருக்கு வளர்ந்ததுங்க" என்றார் பெரியவர். போன வருடமும் உதிரவில்லையாம். முதுகெலும்பு வரிசை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் வயிறு தொங்குகிறது. பிடரி மட்டும் கட்டியாக, கையால் பிடித்தால் ரப்பர் போல. கண்ணுக்கு மேலே பள்ளமாக இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு புடைத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியாகிறது, கொட்டகைத் தரை எப்போதும் ஈரம். ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் ஒரே பதில்தான்: வயசாச்சு.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று நான் பேச வேண்டும். ராணிக்கு வயது ஆனது உண்மை. ஆனால் முடி உதிராததற்கும் குளம்பு எரிந்ததற்கும் பெயர் உள்ள இரண்டு நோய்கள் காரணம். இரண்டையும் கையாள முடியும்.

முதலாவது குதிரைகளுக்கு வரும் குஷிங் நோய். மருத்துவர்கள் சுருக்கமாகப் பிபிஐடி என்பார்கள். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதன் நடுப்பகுதி எவ்வளவு சுரக்கலாம் என்பதை மூளையிலிருந்து வரும் நரம்புகள் டோபமைன் என்ற பொருளைக் கொண்டு அடக்கி வைத்திருக்கின்றன. வயதாக ஆக அந்த நரம்புகள் சிதைகின்றன. அடக்க ஆளில்லாமல் போனதும் சுரப்பி பெருத்து, ஏசிடிஎச் போன்ற ஹார்மோன்களை அளவில்லாமல் கொட்டுகிறது. முடி உதிராததும், முதுகுத் தசை கரைவதும், எதிர்ப்புச் சக்தி குறைந்து குளம்பில் அடிக்கடி சீழ் கட்டுவதும் அதன் விளைவுகள். இது அபூர்வமான நோயும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குதிரைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது இருந்தது.

இரண்டாவது, இன்சுலின் கோளாறு. குதிரைகளின் வளர்சிதை மாற்றக் கோளாறு, ஈஎம்எஸ், என்று சொல்வதன் நடுநாயகம் இதுதான். இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுச் சர்க்கரை நோயை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வித்தியாசத்தோடு. நமக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. குதிரைக்குப் பெரும்பாலும் சர்க்கரை ஏறுவதில்லை. அதை அடக்க உடம்பு இன்சுலினை மேலும் மேலும் சுரந்துகொண்டே இருக்கிறது. சர்க்கரையை மட்டும் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஏறி நிற்பது இன்சுலின். குளம்பைக் கெடுப்பதும் அந்த இன்சுலினே.

இதில் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை, எனக்கும் தொடக்கத்தில் வரவில்லை. இன்சுலினுக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம்? 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நோயில்லாத மட்டக்குதிரைகளை எடுத்துக்கொண்டார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கிவிடாமல் குளுக்கோஸையும் கூடவே ஏற்றி, இன்சுலினை மட்டும் உயரத்தில் நிறுத்தி வைத்தார்கள். மூன்று நாளுக்குள் அந்தக் குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி வந்துவிட்டது. குளம்புக்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் அந்த எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்துத் தொங்க வைத்திருக்கின்றன. குதிரையின் எடை முழுக்க அந்தப் பிடிப்பில்தான் நிற்கிறது. இன்சுலின் ஏறினால் அந்த மடிப்புகள் நீண்டு தளர்ந்துவிடுகின்றன. எலும்பு கீழே இறங்கத் தொடங்குகிறது. நகக்கண்ணில் அடிபட்டால் நமக்கு எப்படி வலிக்கும்? அதே வலியோடு, அதே நகத்தின் மேல் 250 கிலோவை வைத்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

குஷிங் வந்த எல்லாக் குதிரைக்கும் இன்சுலின் கோளாறு இருக்காது. ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால் குளம்புக்கு ஆபத்து. ராணிக்கு இரண்டும் இருந்தன.

குஷிங் நோயா என்று அறிய ரத்தத்தில் ஏசிடிஎச் அளவைப் பார்ப்போம். அதற்கு எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும், அறை வெப்பத்தில் கிடந்தால் அளவு மாறிவிடும். இன்னொன்று, இந்த ஹார்மோன் நல்ல குதிரைக்கும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கத் தொடங்கும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உயர்ந்து நிற்கும். லண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம்மிடம் வருடம் முழுக்க ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் அந்த நாட்டு அட்டவணைகளை அப்படியே இங்கே பொருத்திவிடக் கூடாது. சோதனையில் வந்த எண்ணையும் குதிரையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். இன்சுலினுக்கு, சர்க்கரைப் பாகு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிற சோதனை உண்டு. நம் ஊரில் இளைத்துச் சோர்ந்த குதிரை என்றால் சர்ரா காய்ச்சலையும், குடல் புழுவையும், தேய்ந்த பல்லையும் கூடவே பார்த்துவிட வேண்டும். ராணியின் கடைவாய்ப் பல் ஒன்று கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை ராவிச் சரிசெய்தோம்.

சரி, வைத்தியம். குஷிங் நோய்க்கு மருந்து பெர்கோலைட். அழிந்துபோன டோபமைனின் வேலையை இது செய்யும். அமெரிக்காவில் குதிரைகளுக்கென்று 2011இல் அனுமதி பெற்றது. தொடக்க அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், நாளுக்கு ஒரு வேளை. ராணிக்கு அரை மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிகிராம் மாத்திரையில் பாதி. இது எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாமானில்லை, கால்நடை மருத்துவர் எழுதித் தருவித்துத்தான் வாங்க வேண்டும். தொடங்கினால் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். சில குதிரைகளுக்கு முதல் வாரத்தில் தீனி இறங்காது. அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாத்திரையைப் பொடியாக்காதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அதைத் தொடவே வேண்டாம். மனிதர்களுக்கான சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினைக் குதிரைக்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. குதிரையின் குடல் அதில் மிகக் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். வீட்டில் தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, மாத்திரைக்கும் அதே கதைதான். பெரியவர் ஒரு கேரட் துண்டைக் கீறி உள்ளே ஒளித்துவைத்துக் கொடுத்தார். இந்தக் கேரட் விஷயத்துக்குத்தான் நான் வந்தாக வேண்டும்.

பெர்கோலைட் முடியையும் சோர்வையும் கவனித்துக்கொள்ளும். இன்சுலினை அது மட்டும் இறக்கிவிடும் என்று நம்ப முடியாது. அந்த வேலை தீவனத் தொட்டியில் இருக்கிறது. ராணியின் தொட்டியில் என்ன இருந்தது? கேரட் கழுவும் இடத்தில் ஒதுக்கிப் போடும் கேரட், நாளுக்கு ஒரு கூடை. காலையில் வேகவைத்த கொள்ளும் கோதுமைத் தவிடும். தெம்புக்கு ஒரு கட்டி வெல்லம். பேரப்பிள்ளைகள் கொடுக்கிற பிஸ்கட். முதுகெலும்பு தெரியத் தெரியப் பெரியவர் கொள்ளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். கொள்ளில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருக்கிறது, உண்மை. ஆனால் பாதிக்கு மேல் மாவுப்பொருள். குதிரை இளைத்தது பசியால் அல்ல, ஹார்மோன் தசையைக் கரைத்ததால். மேலே ஊட்டிய ஒவ்வொரு கைப்பிடியும் இன்சுலினை ஏற்றி, குளம்புக்குப் போய்ச் சேர்ந்தது. இதை அவரிடம் சொன்ன அன்று அவர் வெகுநேரம் பேசவில்லை.

வெல்லமும் பிஸ்கட்டும் தவிடும் அன்றோடு நின்றன. கொள்ளை நிறுத்தி, புரதத்துக்குக் கொஞ்சம் சோயா புண்ணாக்கும் தாது உப்புக் கலவையும் கொடுத்தோம். முக்கியத் தீனி உலர்ந்த புல். அதைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். சமவெளியில் இருப்பவர்கள் இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள், நம் வெயிலுக்குப் புளித்துவிடும். அளவு, உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. ராணிக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரேயடியாகப் போடாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். கேரட் ஒரு கூடையிலிருந்து மாத்திரையை ஒளிக்கும் ஒரே ஒரு துண்டாகச் சுருங்கியது.

எடை குறைய வேண்டும் என்று பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். மட்டக்குதிரையும் கழுதையும் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் வெள்ளமாக இறங்கி ஈரலை அடைத்து, உயிருக்கே ஆபத்தாகும்.

மேய்ச்சலும் கணக்குத்தான். உறைபனி விழுந்த காலையில் புல் வளராது. ஆனால் முந்தின நாள் வெயிலில் தயாரித்த சர்க்கரை செலவாகாமல் அதிலேயே தங்கியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் ராணியைக் காலை மேய்ச்சலுக்கு விட வேண்டாம் என்று சொன்னேன்.

குளம்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முன்விளிம்பை ராவி, அடிப்பாகத்துக்குத் தாங்கல் கொடுத்து, லாடம் அடிப்பவரும் நானும் சேர்ந்து வேலை செய்தோம். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை அவர் வந்தார். வலி இருக்கும்வரை நடத்தவே கூடாது. வலி போன பிறகு நடை இன்சுலினுக்கு நல்ல மருந்து. முடியை மெஷின் போட்டு வெட்டிவிட்டோம். மலையிலேயே அந்த முடியோடு வேர்த்தது என்றால், சென்னையிலோ மதுரையிலோ இப்படி ஒரு குதிரை சித்திரை வெயிலில் என்ன பாடுபடும்! வெட்டிவிடுவது அழகுக்காக அல்ல.

எடை பார்க்கத் தராசு இல்லையே என்பீர்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவால் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். ராணிக்குச் சுற்றளவு 150, நீளம் 135, எடை சுமார் 255 கிலோ. பெரியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்கவில்லை. ஒரு கயிற்றை எடுத்து மார்புக்கு ஒரு முடிச்சு, பிடரிக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அளப்பார். முடிச்சு நகர்ந்தால் எனக்குப் போன் வரும்.

முதல் வருடம் ஒரு தடவை குளம்பு மறுபடி சுட்டது. தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்கள் லட்டு கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கொட்டகைக் கதவில் ஒரு பலகை தொங்கியது, எதுவும் கொடுக்கக் கூடாது என்று பேத்தி எழுதியது. மூன்று மாதத்தில் ஏசிடிஎச் இறங்கியது, அடுத்த சித்திரையில் முடி பாதிக்கு மேல் தானாகவே உதிர்ந்தது. முதுகில் தசை முழுதாகத் திரும்பி வரவில்லை, வரும் என்று நான் சொல்லவும் இல்லை.

இப்போது ராணிக்கு 26 வயது. மாத்திரை பாதியிலிருந்து முழு ஒன்றாக ஏறியிருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். நான் வாசலுக்கு வந்த சத்தம் கேட்டதும் கொட்டகைக்குள்ளிருந்து நடந்து வந்து, நான்கு கால்களையும் நேராக ஊன்றிக் கம்பியோரம் நின்றது. பெரியவர் கயிற்றை எடுத்து வந்து காட்டினார். பிடரி முடிச்சு இரண்டு விரல் உள்ளே வந்திருந்தது.

வணக்கம்.