கொள்ளி வைக்க ஆர் இருக்கினம்?

(திருகோணமலையில எங்கட முதியோர் சங்கக் கூட்டத்தில கதைச்சது. ரெண்டு மூண்டு பேர் எழுத்தில கேட்டவை, அதால கதைச்ச மாதிரியே எழுதியிருக்கிறன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் என்னைக் கூப்பிடேக்க "டீச்சர், ஏதாவது நல்ல விஷயமாக் கதையுங்கோ" எண்டுதான் சொன்னவர், நான் செத்தவீட்டைப் பற்றிக் கதைக்கப்போறன் எண்டதும் மனிசன்ர முகம் போன போக்கைப் பாத்திருக்கவேணும். அறுபது தாண்டின ஆக்கள் நிறைஞ்சிருக்கிற ஹோலில இதைக் கதைக்காம வேற எங்க கதைக்கிறது, நேர்சரியிலயா? பயப்பிடாதீங்கோ, கதைச்சு முடிய டீயும் வடையும் இருக்கு.

எங்கட அப்பா போனது ஒரு விடியக்காலமை. எண்பத்தெட்டு வயசு, வீட்டில, தன்ர கட்டிலில, நல்ல சாவு எண்டு சனம் சொல்லுற சாவு. கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, தலையைத் தெற்குப் பக்கமா வச்சு, தலைமாட்டில குத்துவிளக்கைக் கொளுத்தி நிமிரேல்ல, சித்தப்பா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ, எப்பிடிப் போனவர் எண்டில்ல, "கொள்ளி ஆர்?" எண்டு. தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன், அதுதானே எங்கட முறை. பெரியண்ணை கனடாவில, அப்பதான் நெஞ்சு ஒப்பரேஷன் செய்துபோட்டுப் படுத்திருக்கிறார். சின்னவன் லண்டனில, விசா அலுவல் முடியாம வெளிக்கிட ஏலாது. ஒரு மாமா சொல்லுறார் மலர்ச்சாலையில குடுத்துப் பிரேதம் பழுதாகாம எம்பாம் பண்ணி வைப்பம், பிள்ளையள் வரட்டும் எண்டு, இன்னொராள் சொல்லுறார் தம்பலகாமத்தில அப்பாவுக்கு மகன் முறையான பெறாமகன் இருக்கிறான்தானே எண்டு, நடுவில நான் "நான் வைக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டன். அந்த அறை அப்பிடியே அடங்கிப்போச்சு. ஒருத்தரும் ஏசேல்ல, ஏசியிருந்தாலும் பரவாயில்ல, எல்லாரும் நான் சொன்னது கேக்காத மாதிரியே அடுத்த கதைக்குப் போயிட்டினம்.

கடைசியில பெறாமகன்தான் வச்சவன். நல்ல பெடியன், குறை சொல்ல ஒண்டுமில்ல. நான் மற்றப் பொம்பிளையளோட படலையடியில நிண்டு பெட்டி போறதைப் பாத்துக்கொண்டு நிண்டன், அவ்வளவுதான். ஆனா அண்டைக்கு இருந்து ஒரு யோசினை என்ர மண்டையை விட்டுப் போகேல்ல. அப்பா ஒரு சொல்லு முதலே சொல்லி வச்சிருந்தா, இன்னார் செய்யட்டும் எண்டு ஒரேயொரு சொல்லு, அந்த வீட்டில ரெண்டு மணித்தியாலம் அப்பிடிக் குசுகுசுப்பு நடந்திராது.

எங்கட செத்தவீட்டை ஒருக்கா நிதானமாப் பாருங்கோ. அங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்கு. ஒராள் தென்னோலையில தோரணம் பின்னவேணும், கலியாணத்துக்குப் பின்னுற மாதிரி இல்ல, குருவித்தலை கீழ பாக்கிற மாதிரி. செத்தவீட்டில அடுப்பு மூட்டேலாது, அப்ப பக்கத்து வீடுதான் தேத்தண்ணியும் சோறும் தரவேணும். இனசனம் வரிசையா வந்து எண்ணெய், அரப்பு வைக்கவேணும், பிறகு குளிப்பாட்டவேணும். உரலில சுண்ணம் இடிக்க உரிமைக்காரர், அவை இடிக்கேக்க திருவாசகத்தில இருக்கிற திருப்பொற்சுண்ணம் பாட ஒராள், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளையள். அந்தக் குஞ்சுகள் பந்தத்தைப் பிடிச்சுக்கொண்டு பிரேதத்தைச் சுத்தி வரேக்க, ஒண்டு அழும், ஒண்டு சிரிக்கும், ஒண்டு மற்றதின்ர சட்டையில எண்ணெயை ஊத்தும். வாய்க்கரிசி போடப் பொம்பிளையள் வீட்டிலயே. பிறகு சுடலையில கொள்ளிக்குடம், தோளில வச்சு மூண்டு சுத்து, ஒவ்வொரு சுத்துக்கும் பின்னால நிக்கிறவர் கத்தியால ஒரு கொத்துக் கொத்த தண்ணி பீறிக்கொண்டு வரும், கடைசியில குடத்தைப் பின்னால போட்டு உடைச்சுப்போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளியை வச்சிட்டு, திரும்பிப் பாக்காம வரவேணும். பிறகு காடாத்து எண்டு சாம்பல் அள்ளுறது, அதைக் கடலில கரைக்கிறது, எட்டுச்செலவு, முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக் கிரியை, பிறகு வருஷம் முடிய ஆட்டத்திவசம்.

இதெல்லாம் மூடநம்பிக்கை எண்டு சொல்லுறவை இருக்கினம், சொல்லட்டும். நான் கண்டது வேற. துக்கத்தில கை சும்மா இருக்கக்கூடாது எண்டுதான் ஆரோ யோசிச்சு ஆளாளுக்கு வேலையைப் பிரிச்சுக் குடுத்திருக்கினம். இன்னொண்டையும் மறைக்காமச் சொல்லவேணும், உந்த வேலைப் பிரிப்பிலதான் சாதியும் இருந்தது. பறையடிக்க ஒரு சனம், வெள்ளை கட்ட ஒரு சனம் எண்டு அவயளைக் கடமைக்குக் கூப்பிட்டுப் படலைக்கு வெளியால நிப்பாட்டினதும் இதே செத்தவீடுதான். அந்தப் பக்கம் கழண்டு போனதுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டன்.

இப்ப பிரச்சினை, வேலை அப்பிடியே இருக்கு, கையைக் காணேல்ல. போன வருஷம் ஒரு செத்தவீட்டுக்குப் போனன், சுண்ணம் இடிச்சது மலர்ச்சாலைப் பெடியள், பொற்சுண்ணம் பாடினது போன், நடுவில போனுக்கு ஒரு கோல் வந்து பாட்டு நிண்டிட்டுது. பேரப்பிள்ளையள் வீடியோவில, அங்க இரவு ரெண்டு மணி, நித்திரைத் தூக்கத்தில கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்குதுகள். நான் பகிடி பண்ணேல்ல, அந்தத் தாய் பெத்தது அஞ்சு, ஒண்டுகூடப் பக்கத்தில இல்ல, யுத்தம் தின்னாததை வெளிநாடு கொண்டு போச்சு. பிறகு எங்கட மரண உதவிச் சங்கம் எண்டு ஒண்டு இல்லாட்டி கதிரை, கொட்டில், தேத்தண்ணிக் கெற்றில்கூட இல்லாமத்தான் நிக்கவேண்டி வந்திருக்கும். சந்தாக் கட்டாத ஆக்கள் இஞ்ச ரெண்டு பேர் இருக்கினம், பேர் சொல்லமாட்டன்.

இந்த ஊரில இருந்துகொண்டு கன்னியாவை விட்டிட்டுக் கதைக்கேலாது. ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சூடு. கதை எல்லாருக்கும் தெரியும், இராவணன்ர தாய் செத்திட்டா எண்டு திருமால் ஒரு கிழப் பிராமணரா வந்து சொல்லி, கிரியை செய்ய அந்த இடத்தில ஊற்றை உண்டாக்கினவர் எண்டு. அதாலதான் எங்கட சனம் தலைமுறை தலைமுறையா அந்தியேட்டிக் கிரியைக்கு அங்க போறது. எனக்கு அந்தக் கதையில பிடிச்ச இடம் எது எண்டா, பத்துத் தலை, இருவது கை, கோணேசர் மலையையே வெட்டப் பாத்த ஆள், அவனுக்கும் தாய் செத்தா இருந்து ஒராள் சொல்லிக்குடுக்க வேண்டிக்கிடக்கு, என்ன செய்யிறது எண்டு.

சரி, எங்களை மட்டும் கதைச்சாப் போதாது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரங்களைப் பாருங்கோ, குளிப்பாட்டி, கஃபன் துணி ஆம்பிளைக்கு மூண்டு, பொம்பிளைக்கு அஞ்சு, தொழுகை, அடக்கம், எல்லாம் அநேகமா ஒரே நாளுக்குள்ள. பணக்காரன், ஏழை எண்டு துணியில வித்தியாசமில்ல. எங்கட சவப்பெட்டி விலையைக் கேக்கேக்க எனக்கு அவயளில பொறாமை வாறது உண்மை. ஆனா 2020இல கொரோனா நேரம் அவயளிட்ட இருந்து அதையும் பறிச்சதுதானே. எரிக்கத்தான் வேணும் எண்டு அரசாங்கம் நிண்டது, 2021 பெப்ரவரி கடைசியிலதான் புதைக்க விட்டது, அதுவும் எங்கயோ ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய். 2024இல அமைச்சரவை மன்னிப்புக் கேக்கத் தீர்மானிச்சது. சாகப் பயப்பிடாத கிழவர்மார் எரிச்சுப்போடுவாங்களோ எண்டு பயந்தவை, அதை நினைக்க இப்பவும் மனம் ஒருமாதிரி.

பிரேதமே கிடைக்காத வீடுகளும் இந்த ஹோலுக்குள்ள இருக்கு. சுனாமியில கடல் திருப்பித் தராத ஆக்களுக்குத் தர்ப்பையில உருவம் செய்து கொள்ளி வச்சதுகள் இருக்கு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளுக்கு அதையும் செய்யேலாது, செய்தா செத்திட்டான் எண்டு தாய் ஒத்துக்கொண்ட மாதிரிப் போகும். மரணச் சான்றிதழ் வேண்டாம் எண்டு நிண்ட தாய்மாருக்குத்தான் 2016இல காணாமற்போனமைக்கான சான்றிதழ் எண்டு ஒண்டு வந்தது. அந்த அம்மாமாருக்கு நான் இண்டைக்குச் சொல்லுற ஒரு புத்தியும் பொருந்தாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

மற்ற ஆக்களுக்கு வாறன். நான் செய்து வச்சதைச் சொல்லுறன், நீங்கள் உங்கட பாட்டில யோசியுங்கோ. பிஸ்கட் டின் ஒண்டு எடுத்தன். அதுக்குள்ள ஐடென்ரிற்றிக் காட், பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பென்ஷன் கடிதம், கிளினிக் கொப்பி. கிளினிக் கொப்பியைச் சிரிக்காதீங்கோ, வீட்டில திடீரெண்டு போனா திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து என்ன வருத்தம் எண்டு கேக்கேக்க அந்தக் கொப்பி கதைக்கும், இல்லாட்டி பிரேதத்தைக் கொண்டு அலையிறது பிள்ளையள்தான். வீட்டில நடந்த சாவுக்குக் கிராம சேவகரிட்ட ரிப்போட் எடுத்துத்தான் பதிவாளரிட்டப் போறது, அப்பாவுக்கு அதுவும் தெரியாம நாங்கள் ரெண்டுதரம் திரும்பி வந்தனாங்கள்.

மரண சாசனம் எழுதப் பயப்பிடுறவை கனபேர், எழுதினா உடன செத்திடுவம் எண்டு. நான் எழுதி நாலு வருஷம், இந்தா நிக்கிறன். 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இப்பவும் இருக்கு, உறுதி எழுதுற நொத்தாரிசு எண்டா அவரும் ரெண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாட்டி அஞ்சு சாட்சி முன்னால கையெழுத்து வைக்கவேணும். கொப்பி ஒற்றையில எழுதித் தலகணிக்குக் கீழ வச்சுப்போட்டுப் போனா அது சாசனமில்ல, சண்டைக்கு விறகு. பங்கு கிடைக்கப்போற ஆளைச் சாட்சியாப் போடாதீங்கோ, பிறகு தேவையில்லாத பிரச்சினை. கண் குடுக்க விருப்பமெண்டா அதையும் வீட்டில சொல்லி வையுங்கோ, கண்தானச் சங்கம் 1961இல இருந்து நாட்டில இருக்கு, ஆனா சில மணித்தியாலத்துக்குள்ள எடுக்கவேணும், பெட்டி வந்தாப்பிறகு ஞாபகம் வந்து பிரயோசனமில்ல.

எனக்கு என்ன வேணும் எண்டதையும் ஒரு தாளில எழுதி வச்சிருக்கிறன். எம்பாம் பண்ணி நாளைக் கடத்தவேண்டாம், வரக்கூடியவை வரட்டும், வராதவை வருஷத்துக்கு ஒருக்கா சித்திரா பௌர்ணமிக்கு நினைச்சாப் போதும். சாதாரண பலகைப் பெட்டி. சுண்ணம் என்ர பழைய மாணவியள் இடிக்கட்டும், பாட்டை வாயால பாடவேணும், போன் வேண்டாம். கொள்ளி என்ர மகள் வைக்கிறாள். குருக்களிட்டயும் இதை நேரில கதைச்சிட்டன், அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு "பிள்ளைக்குப் பயமில்லையோ" எண்டு மட்டும் கேட்டவர். இல்லை எண்டு அவளே சொன்னாள்.

கடைசியா ஒண்டு, கல்வெட்டு. அந்தியேட்டிக்கு அடிக்கிற புத்தகம், பஞ்சபுராணம், திதி வெண்பா, வம்ச வரலாறு, நன்றி நவிலல். அப்பான்ர கல்வெட்டில அவர் படிச்ச பள்ளிக்கூடமே பிழை, ஏனெண்டா கேக்க ஆளில்ல, நாங்கள் ஊகிச்சு எழுதினது. முன் பக்கத்துப் படமும் ஆற்றையோ கலியாணத்தில வெட்டி எடுத்தது, உத்துப் பாத்தா அவற்றை தோளில இன்னொராளின்ர கை இருக்கு, ஸ்ரூடியோவில எவ்வளவு அழிச்சும் ரெண்டு விரல் போகேல்ல. இண்டைக்கும் அந்தப் படம்தான் எங்கட வீட்டு ஹோலில தொங்குது, அது ஆற்றை விரல் எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது.

அதால நான் ஒரு படப்பிடிப்பாளரிட்டச் சொல்லியிருக்கிறன். நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு இஞ்ச வாறார், தலைக்கு ஒரு படம், தனியா, ஆற்றை கையும் இல்லாம. விருப்பமான சீலையை உடுத்துங்கோ, அண்ணைமார் சவரம் எடுத்துக்கொண்டு வாங்கோ. கண்ணாடி போடுறவை கழட்டவேண்டாம், உங்களை எங்களுக்குக் கண்ணாடியோடதான் தெரியும்.