சுள்ளிகளை மட்டும் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

‘பாகுபலி’ இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28 அன்று வெளியானது. செய்யாற்றிலிருந்து வடபழனிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தையை மறுவாரமே அந்தப் படத்துக்கு அழைத்துப் போனேன். முதல் பாகத்தை அவர் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறியதுமே முன்கதையைத் தொடங்கினேன். “நீ சும்மா வா, படம் சொல்லட்டும்” என்றார்.

படம் சொன்னது. ராஜமாதா சிவகாமி தீச்சட்டி சுமந்து வருகிறார். வழியில் நின்றுவிடக் கூடாது என்பது நேர்ச்சை. எதிரே மதம் பிடித்த யானை. பெரிய தேரோடு வந்து மகன் பாகுபலி அதை மறிக்கிறான். தாயின் நடை நிற்கவில்லை. “அந்த அம்மா வாக்குதான் இவனுக்கு எல்லாம்” என்று அத்தை என் காதில் சொன்னார். கதையின் அச்சே அதுதான். பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

அவர் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர். பாரதக் கூத்தில் எந்த இரவு போய் உட்கார்ந்தாலும், புதிய வேடம் வரும்போது கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரன் ‘யார், எவர்’ என்று கேட்பான். வேடம் தன் பெயரையும் பெருமையையும் சொல்லும். நடுவில் வந்தவருக்கும் பாயில் இடம் உண்டு. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையில் 2003இல் வந்த மூன்றாம் படமும் இப்படித்தான் தொடங்குகிறது. மீன் பிடிக்கப் போன இருவர். ஒருவனுக்கு மோதிரம் கிடைக்கிறது. மற்றவன் அதற்காக அவனைக் கொல்கிறான். மோதிரம் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலைப் பின்னணிக் குரலில் ஒப்பிக்கும் படங்கள் எனக்குச் சலிப்பையே தருகின்றன.

அரச குடும்பத்தின் விசுவாசமான வீரர் கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றார் என்பது முதல் பாகம் விட்டுவைத்த கேள்வி. அதை இரண்டு ஆண்டுகள் சுமந்துகொண்டு போனவன் நான். அவர் வாளைத் தொட்டபோதெல்லாம் காத்திருந்தேன். அத்தைக்கோ அவர் இளவரசனோடு கேலி பேசித் திரியும் பிரியமான பெரியவர். அந்த வாள் முதுகில் இறங்கியபோது அத்தை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த அதிர்ச்சி எனக்குக் கிடைக்கவில்லை. அறியாமல் வந்தவருக்கே கிடைத்தது.

ஆனால் இழப்பும் உண்டு. இறுதியில் பாகுபலியின் எதிரி பல்லாளதேவன் சிதையில் எரிகிறான். அத்தைக்கு அது ஒரு கொடியவனின் முடிவு, அவ்வளவுதான். பாகுபலியின் மனைவி தேவசேனா அவனிடம் சங்கிலியோடு 25 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். அந்தச் சிதைக்காகவே சுள்ளி சுள்ளியாகப் பொறுக்கிச் சேர்த்தவர். முதல் பாகத்தில் அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நெருப்பின் சூடு தெரியும்.

திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அதையாவது முன்னாலே சொல்லியிருக்கலாமே” என்றார்.

இப்போதும் யாரையாவது இப்படி இரண்டாம் பாகத்துக்கு அழைத்துப் போனால், மன்னர்களின் வரலாற்றை நான் சொல்வதில்லை. கட்டப்பாவைப் பற்றி வாயே திறப்பதில்லை. சுள்ளிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன்.