முளையிலே தெரியுமா வைரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். நெல்லுக்கு அது பொருந்தலாம், மரத்துக்குப் பொருந்தாது. முப்பது ஆண்டுகள் நாற்றங்கால்களில் நின்று நான் கற்றது இதைத்தான். பாத்தியில் எல்லாவற்றையும் முந்தி நிற்கும் தேக்கு நாற்று, இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் அடுத்த மரத்தின் நிழலில் ஒடுங்கி நிற்கும். நெடுநெடுவென வளர்ந்தாலும் அறுத்த பிறகுதான் உள்ளே வைரம் என்னும் உறுதியான நடுமரம் எவ்வளவு, வெள்ளை என்னும் வெளிமரம் எவ்வளவு என்பது தெரியும்.

சிறுவயதில் எங்கள் வீட்டு நிலைக்கதவுக்கு மரம் எடுக்க ஆசாரியோடு மரக்கடைக்குப் போனேன். அவர் கட்டையின் ஒரு முனையில் கொட்டாப்புளியால் தட்டுவார். மறுமுனையில் என் காதை வைக்கச் சொல்வார். "கணீரென்று கேட்கிறதா தம்பி?" என்பார். கேட்டால் எடுப்பார். மந்தமாகக் கேட்டால் அடுத்த கட்டைக்கு நகர்ந்துவிடுவார். பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குக் காரணம் புரிந்தது. மரத்தின் நார்ச் சுவர்களுக்குள் மிக நுண்ணிய இழைகள் கயிற்றுப் புரிபோலச் சுற்றி ஓடுகின்றன. புரி நிமிர்ந்து ஓடினால் மரம் விறைப்பு, ஒலியும் விரைந்து பாயும். சாய்ந்து சுற்றினால் மரம் வளையும், ஒலியும் தயங்கும். இன்று வனவியலாளர்கள் கருவி வைத்து ஒலியின் வேகத்தை அளக்கிறார்கள். அந்த ஆசாரிக்குக் காதே கருவி.

ஆனால் மரம் விழுந்த பிறகுதானே தட்டினார்? ஒரு நாற்றின் இலையைக் கிள்ளிப் பார்த்தே அது எப்படிப்பட்ட மரமாகும் என்று சொல்ல முடியுமா என்பதுதான் என் வாழ்நாள் கேள்வி. அங்கேதான் மரபுக் குறிப்பான் வருகிறது, அதாவது இலையிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ.வில் மரத்துக்கு மரம் வேறுபடும் ஒரு சிறு இடம்.

ஊருக்குப் புதியவர் வழி கேட்டால், "அரசமரத்துக்குப் பக்கத்து வீடு" என்கிறோம். அரசமரம் வீடு அல்ல, வீட்டுக்கு அடையாளம். குறிப்பானும் அப்படித்தான். பெரும்பாலும் அது நல்ல மரபணு அல்ல, நல்ல மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளம். அடுத்த ஊரிலும் அரசமரம் இருக்கும், ஆனால் அதன் பக்கத்தில் வேறொருவர் வீடு இருக்கும். ஒரு தாய்மரத்தின் பிள்ளைகளில் நல்ல வளர்ச்சியைக் காட்டிய குறிப்பான், வேறொரு தாயின் பிள்ளைகளில் ஒன்றுமே சொல்லாமல் போகலாம். இதை மறுபடியும் சொல்கிறேன்: அடையாளம் வேறு, வீடு வேறு.

வீட்டையே கண்டுபிடித்த அபூர்வக் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கில் லோப்லோலி பைன் என்ற மரம் பெருந்தோட்டங்களாக வளர்கிறது. அதில் 7-56 என்று எண்ணிட்ட ஒரு மரம், விதைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நல்ல மரம். நார்களை ஒட்டி நிறுத்தும் பசைதான் லிக்னின். அதை உருவாக்கும் மரபணு ஒன்றின் இரண்டு பிரதிகளில் ஒன்று இந்த மரத்தில் பழுதாகியிருந்ததை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்து 1997இல் வெளியிட்டார்கள். அதன் மகரந்தத்தையே அதற்குச் சேர்த்து வளர்த்த பிள்ளைகளில், இரண்டு பிரதிகளும் பழுதானவற்றின் மரம் செம்பழுப்பாக இருந்தது! வெளுத்த பைன் மரத்துக்குள் செம்பழுப்பு! படத்தில் அதைப் பார்த்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமந்த மரங்கள் நிறத்தில் சாதாரணம்தான். ஆனால் சில குடும்பங்களில் அவை விரைந்து வளர்ந்தன, மரத்தின் அடர்த்தியும் கூடியது. எல்லாக் குடும்பங்களிலும் அதே அளவில் அல்ல என்பதைக் கவனியுங்கள். மறுபடியும் ஊருக்கு ஊர் வேறுபாடுதான்.

இப்படி ஒற்றை மரபணு பெரிதாகப் பேசுவது அரிது. உயரமும் பருமனும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அதனால் இப்போது ஆயிரக்கணக்கான குறிப்பான்களை ஒன்றாகக் கூட்டி, ஒரு நாற்று எப்படி வளரும் என்று கணக்கிடுகிறார்கள். பிரேசிலில் யூகலிப்டஸ் மரத்துக்கு 2012இலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். அந்த மரத்தின் மரபுத்தொகுதி, அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதையும் படித்தெடுத்த தொகுப்பு, 2014இல் வெளிவந்தது. நம் தேக்கின் மரபுத்தொகுதி வரைவைக் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தினர் 2018இல் வெளியிட்டார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை வருகிறது. சவுக்கைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சவுக்குப் போடும் விவசாயிகளே, நாற்று வாங்கும்போது எந்தத் தாய்மரம், எந்த மண்ணில், எத்தனை ஆண்டு சோதித்தது என்று கேளுங்கள். உங்கள் மண்ணைப் போன்ற மண்ணில் சோதித்திருந்தால் வாங்குங்கள். வணக்கம்.