வாக்குப் பெட்டி பத்தொன்பது, காசு ஒன்று

கொழும்பில் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) என்று வாயெடுத்தாலே ஆளுக்கொரு கட்சி பிரிந்துவிடுவோம். அதனால் இன்றைக்குக் கொஞ்சம் தள்ளிப்போய் ஏதென்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

2015 ஜூலை 5, கிரேக்கத்தில் சர்வஜன வாக்கெடுப்பு. கடன் கொடுத்தவர்களின், அதாவது மற்ற யூரோ நாடுகள், ஐஎம்எஃப் போன்றோரின் நிபந்தனைகளை ஏற்பதா என்பது கேள்வி. வங்கிகள் பூட்டு, ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோதான் எடுக்கலாம், அந்த நெருக்கடியிலும் 61 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்று போட்டார்கள். எட்டு நாள் கழித்து, பிரசல்ஸில் விடிய விடியப் பேசிவிட்டு, பிரதமர் சிப்ராஸ் பல வகையில் அதைவிடக் கடுமையான திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்.

ஜனநாயகத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். எனக்கு அந்த அவசரம் பிடிப்பதில்லை. அப்போது யூரோவைப் பாவித்த நாடுகள் 19, அத்தனையிலும் வாக்காளர்கள் இருக்கிறார்கள், கிரேக்கரைவிடக் குறைந்த ஓய்வூதியம் வாங்கும் சிலோவாக்கியர் உட்பட. 2011 அக்டோபரில் யூரோ மீட்பு நிதி பற்றிய வாக்கெடுப்பில் சிலோவாக்கிய அரசாங்கமே கவிழ்ந்தது! 2015இல் ஜேர்மன் பாராளுமன்றமும் வாக்கெடுத்துத்தான் காசை விட்டது. ஏதென்ஸின் ‘வேண்டாம்’ இவர்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?

சரி, அப்படியானால் எங்கே இடிக்கிறது? யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் யூரோகுரூப், ஒப்பந்தப்படியே முறைசாராத ஒரு கூட்டம். ஒவ்வொரு அமைச்சரும் தன் ஊர்ப் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்வார், ஆனால் கூட்டம் மொத்தமாக எடுத்த முடிவுக்கு அதை மொத்தமாகக் கூப்பிட்டு விசாரிக்கவும் தேவையென்றால் கலைக்கவும் ஒரு பாராளுமன்றம் கிடையாது. விதிகளாவது எல்லோருக்கும் ஒன்றா என்றால், அரசாங்க பட்ஜெட்டில் துண்டுவிழும் தொகை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியை ஜேர்மனியும் பிரான்சும் மீறியபோது, 2003 நவம்பரில் நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள்.

இதில் வேடிக்கை, யூரோவைக் காப்பாற்றியது யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யாத ஒருவர். 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு எதையும் செய்வோம் என்று லண்டனில் சொன்னார், நெருக்கடியில் இருந்த நாடுகளின் கடன் பத்திரங்களின் வட்டி இறங்கத் தொடங்கியது. அந்தப் பத்திரங்களை வாங்குவோம் என்று பிறகு அறிவித்த திட்டத்தில் கடைசிவரை ஒரு பத்திரம்கூட வாங்கவில்லை. நிபுணர்கள் வேண்டாம் என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

சொந்த நாணயம் இருந்தால் தப்பலாம் என்பார்கள். நமக்கு இருந்ததே! கிரேக்கத்தில் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் பாராளுமன்றத்தில் கைதூக்கி வெட்டினார்கள், தெருவில் சண்டை நடந்தது. இங்கே 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து 300ஐத் தொடும் நிலைக்கு ஓடியது, நம் சம்பளம் பலசரக்குக் கடையில் வெட்டுப்பட்டது, அதற்கு யாரும் கைதூக்கவில்லை.

2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்காகக் காசு அச்சடிப்பதற்குக் கடிவாளம் போட்டது, எனக்கு அது சம்மதம்தான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு: தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் பணவீக்கம் இலக்கைத் தவறினால், ஏன் தவறியது என்று மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். யூரோகுரூப்புக்கு இல்லாத கதவு அது, நமக்கு இருக்கிறது. பணவீக்கம் இலக்குக்குக் கீழே கிடந்த காலத்தில் அறிக்கையும் போனது. உங்கள் மாவட்ட எம்பியை அடுத்த கல்யாண வீட்டில் கண்டால், அதை வாசித்தாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.