நட்சத்திரக் கொத்தும் பூட்டிய நிரலும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசிச் சபையைச் சிரிக்கவைத்த துணைத்தலைவர் அவர்களே, முன்வரிசைப் பேராசிரியர்களே, பின்வரிசையில் இருந்தாலும் கேள்வி கேட்பதில் முந்திக்கொள்ளும் மாணவர்களே, வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. மீதி அவருடைய அன்பு.

நட்சத்திரக் கொத்து பிறப்பதைக் கணினி நிரலில் உருவகித்துப் பார்ப்பது பற்றி மூன்று செய்திகளும், கடைசியில் நிரல்களைப் பற்றி ஒரு வேண்டுகோளும் சொல்ல வந்தேன். வாயு முகில் எப்படி உடைகிறது, பிறந்த நட்சத்திரங்கள் எப்படித் திருப்பி அடிக்கின்றன, காந்தப்புலம் என்ன செய்கிறது.

நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு முகிலை மூலக்கூறு முகில் என்போம். அதன் வெப்பநிலை சுமார் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் வாயுவின் அழுத்தம் ஈர்ப்பிடம் தோற்றுப்போகிறது. கொந்தளிப்பு முகிலை இழை இழையாகக் கிழிக்கிறது. இழைகள் கூடும் இடத்தில் நட்சத்திரக் கொத்து பிறக்கிறது. இதற்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும். யார் உட்கார்ந்து பார்ப்பது? அதனால்தான் கணினியில் காலத்தை நறுக்கி, துண்டுக்குத் துண்டு விசையைக் கணக்கிட்டு, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறோம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்!

கணினியே இல்லாமல் இதைச் செய்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சுவீடனில் எரிக் ஹோல்ம்பெர்க் என்ற வானியலாளர். 1941இல் வெளிவந்த ஆய்வு. இரண்டு விண்மீன் மண்டலங்கள் உரசிப்போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டார். 74 மின்விளக்குகளை எடுத்து, மண்டலத்துக்கு 37 என்று பரப்பினார். விளக்கு எதற்கு என்கிறீர்களா? தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு கால்பங்காகும், ஒளியும் அப்படியே! ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமின்கலத்தை வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்தார். அதுவே இழுவிசை. அதன்படி விளக்கை நகர்த்தினார். மறுபடி அளந்தார், மறுபடி நகர்த்தினார். கடைசியில் சுருள் கைகள் முளைத்தன! கைதட்டுங்கள், அவருக்குத்தான்.

சரி, முகிலுக்கு வருவோம். 2003 வாக்கில் வானியற்பியலாளர் மேத்யூ பேட் குழு 50 சூரியன்களின் நிறையுள்ள முகிலைக் கணினியில் உருவகித்தது. 2021இல் ஸ்டார்ஃபோர்ஜ் என்ற உருவகத் திட்டம் 20,000 சூரிய நிறைக்குப் போனது. பிறந்த நட்சத்திரங்கள் திருப்பி அடிக்கும் வழிகள், அதாவது அவை பீய்ச்சும் வாயுத் தாரைகள், கதிர்வீச்சு, நட்சத்திரக் காற்று, வெடித்துச் சிதறும் சூப்பர்நோவா எல்லாம் அதில் உண்டு. தாரைகளை விட்டுவிட்டால் நட்சத்திரங்கள் அளவுக்கு மீறிக் கொழுத்துவிடுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் வாயுவில் பெரும்பகுதி ஊதித் தள்ளப்படுகிறது. சிறு பங்கே நட்சத்திரமாகிறது.

அந்த ஸ்டார்ஃபோர்ஜ் ஓடுவது கிஸ்மோ என்ற நிரலில். கிஸ்மோ வந்தது கேட்ஜெட் என்ற பழைய நிரலின் வழியில். அதை எழுதிய வானியற்பியலாளர் வோல்கர் ஸ்பிரிங்கல் கேட்ஜெட்டைப் பொதுவில் வைத்தார், ஊரே அதன்மேல் கட்டியது. இன்றும் சிலர் உருவகத்தின் படத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு நிரலைப் பூட்டி வைக்கிறார்கள். கணக்கைக் காட்டாமல் விடையை மட்டும் காட்டினால் எந்த ஆசிரியர் மதிப்பெண் போடுவார்? பொதுப்பணத்தில் எழுதிய நிரல் பொதுவில் இருக்கவேண்டும். கேட்டுக்கொண்டே இருப்பேன், அடி மேல் அடி!

மணி அடித்துவிட்டார்கள், காந்தப்புலம் இன்னொரு நாள். நிரல்களைத் திறக்கக் கோரும் தீர்மானத் தாள் செயலாளரிடம் இருக்கிறது. வெளியே போகும் முன் கையெழுத்துப் போடுங்கள். தலைவர் அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையது.