கிணறு நிறையத் தண்ணீர், வண்டிக்கு எட்டாது

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. தீத்தொண்டு வாரத்தை ஒட்டி, சின்ன ஊர்களில் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்த கதையைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிலையத்துக் கதையைவிட கிணற்றுக் கதைதான் என்னிடம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 14-இல் ஏன் இந்த வாரம் தொடங்குகிறது? 1944-இல் அந்தத் தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில். தீயை அணைக்கப் போன வீரர்கள் 66 பேர் இறந்துபோனார்கள். பஞ்சு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பாக்டரியில் பொதியின் மேலே தண்ணீர் அடித்து, புகை நின்றது என்று திரும்பிவிட்டால் நடுராத்திரியில் மறுபடி போன் வரும். உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். பொதியைப் பிரித்து உதறி நனைத்தால்தான் அது தீரும். சோளத்தட்டுப் போரும் அதே குணம்தான்.

சென்னைப் பட்டணத்தில் 1908-லேயே தீயணைப்புப் படை வந்துவிட்டது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு வரப் பல காலம் ஆனது. அதுவரை ஊரே படைதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் ஒரு ஓலைச் சாளை, அதாவது ஓலைக் குடிசை, பற்றினால் அதை யாரும் அணைக்கப் பார்க்கமாட்டார்கள். அடுத்த சாளையின் ஓலையைப் பிடுங்கிப் போடுவார்கள். படிக்காத மனிதர்கள் கண்டுபிடித்த முறைதான். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் அதையேதான். எரிவதற்குப் பொருள் இல்லாமல் செய்துவிடு, தீ தானாக நிற்கும்.

சரி, வண்டி வந்துவிட்டது. வந்ததும் என்ன ஆகும்? எங்கள் வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். இரண்டு ஹோஸை, அதாவது தண்ணீர் அடிக்கிற துணிக் குழாயை, திறந்துவிட்டால் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் நிற்காது. அப்போது கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: “ஏனுங்க, கெணறு நெறையத் தண்ணி கெடக்குது, போட்டு உறிஞ்ச வேண்டியதுதானுங்க?”

இதைத்தான் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தேன், இப்போதும் சொல்கிறேன். மேலே நிற்கிற எந்தப் பம்பும் ஆழத்துத் தண்ணீரை இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. குழாய்க்குள் இருக்கிற காற்றைத்தான் பம்பு எடுக்கும். தண்ணீரை மேலே தள்ளுவது வெளியில் இருக்கிற காற்றின் அழுத்தம். கணக்குப்படி அந்த அழுத்தம் பத்து மீட்டருக்குத் தள்ளும். நடைமுறையில் ஏழு மீட்டர், அதாவது இருபத்துமூன்று அடி வந்தாலே பெரிது. நம் கிணறுகளோ பாறையைக் குடைந்து அறுபது, எண்பது அடி போனவை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், வண்டிக்கு எட்டாது. கீழ்பவானி வாய்க்கால் ஓரமோ பரம்பிக்குளம் வாய்க்கால் ஓரமோ தீப்பிடித்தால் குழாயை உள்ளே போட்டு எடுத்துக்கொள்ளலாம். அதுவும் தண்ணீர் விட்டிருக்கிற காலத்தில்தான்.

ஆகவே எங்கள் வண்டிக்குத் தண்ணீர் கொடுத்தது, கிணற்றுக்குள்ளேயே தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, கீழிருந்து மேலே தள்ளுகிற தோட்டத்துக்காரர்களின் மோட்டார். 1932-இல் நீலகிரிப் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து, அப்புறம் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றம் மெல்ல மெல்லப் போய் மோட்டார் வந்ததே, அந்த மோட்டார். இதிலும் ஒரு சிக்கல். சாளைக்கு மேலே கம்பி போனால் முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வோம். நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும்! அந்த நேரத்தில் பழைய ஆயில் இன்ஜின் வைத்திருக்கிற கவுண்டர் ஒருவர் கிடைத்தால் அவர்தான் அன்றைக்குக் குலதெய்வம். ஊருக்கு ஒரு ஆயில் இன்ஜினாவது ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லாத கூட்டம் கிடையாது. கேட்டவர்கள் குறைவு.

கிணறு என்றதும் மாடு நினைவுக்கு வருகிறது. கொரங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில், மேய்ந்த மயிலை மாடு, கிளுவை வேலி தாண்டி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்துவிட்டது. நாங்கள் போனபோது கழுத்தில் சுருக்குப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இழுத்தால் மாடு மேலே வரும், உயிர் வராது. விடச் சொன்னோம். எங்கள் ஆள் ஒருவர் இறங்கி, கிழிந்துபோய் ஒதுக்கி வைத்திருந்த ஹோஸை அதன் வயிற்றடியில் கொடுத்தார். முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று. கயிறு தோலை அறுக்கும். ஹோஸ் அகலமாக இருப்பதால் அறுக்காது. மேலே இருபது பேருக்கு மேல் பிடித்தார்கள். எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க ஒரு பாட்டி தாளம் போட்டு “ஏலேலோ” சொல்லிக்கொடுத்தது. மாடு மேலே வந்து நின்று உடம்பை உதறியது. “மோர் குடிச்சிட்டுத்தான் போவோணும் கண்ணு” என்று பாட்டி விடவில்லை. இப்போது கிரேன் வந்துவிட்டது. தாளம் போட ஆள் வேண்டியதில்லை.

மாடு பரவாயில்லை. பாழுங்கிணற்றில் மனிதர் மயங்கி விழுந்தால் மட்டும், தயவுசெய்து, பின்னாலேயே இறங்காதீர்கள். உள்ளே இருப்பது கெட்ட காற்று. தூக்கப் போன தம்பி, தம்பியைத் தூக்கப் போன மாமன் என்று வரிசையாக எடுத்திருக்கிறோம். எங்களிடம் மூச்சுக் கருவி உண்டு. வரும்வரை மேலே நில்லுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஆம்புலன்ஸுக்காகப் பாதி நேரத்தை ஒதுக்கி வைத்திருந்தேன், மாடு தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் கயிற்றுக் கட்டிலும் மாட்டு வண்டியும்தான் ஆம்புலன்ஸ். பர்கூர் மலைப் பக்கம் தொட்டில் கட்டித் தோளில் சுமந்தார்கள். 2008-இல் 108 வந்தபிறகு நிலைமை மாறியது. ஆனால் தோட்டத்துச் சாளைகளுக்குக் கதவு எண் எங்கே இருக்கிறது? ஆகவே 108-க்கோ தீயணைப்பு 101-க்கோ கூப்பிட்டால், கோயில், தார் ரோடு பிரிவு, டிரான்ஸ்பார்மர் என்று அடையாளம் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் முன் நீங்கள் போனை வைக்காதீர்கள். ஒரு பையனை பைக்கில் தார் ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள்; ராத்திரியானால் கையில் டார்ச் இருக்கட்டும். நன்றிங்க, வணக்கம்.