கீழே உள்ள எண்

(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் பேசியதை எழுத்தாக்கியது)

எல்லாருக்கும் வணக்கம். மழை வரும்போல இருக்கிறது, அதனால் சுற்றிவளைக்காமல் தொடங்குகிறேன். இந்தியாவில் ஒரு மாவட்டத்தில் தேர்தலை எப்படி நடத்துகிறார்கள், வாக்களிப்பைக் கூட்ட என்ன செய்கிறார்கள், அதில் நாங்கள் எடுக்கக்கூடியது ஏதும் உண்டா என்று பேசச் சொன்னார்கள். நான் பல தேர்தல்களில் வாக்கெடுப்பு நிலையத்தில் தலைமை தாங்கும் அலுவலராக இருந்தவன். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத் தெரிகிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

அங்கே மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர், எங்கள் அரசாங்க அதிபர் மாதிரி. 2009-இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் விழிப்புணர்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்பிறகு தேர்தல் வந்தால் கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, மரதன் ஓட்டம் என்று ஆட்சியர் அலுவலகங்கள் களைகட்டிவிடும். படங்கள் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் கோலம் பார்த்துவிட்டு வாக்களிக்கப் போன ஆள் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில், ஏப்ரல் 19-இல், வாக்களித்தது. தருமபுரித் தொகுதியில் 81.20 சதவீதம். மத்திய சென்னையில் 53.96. தருமபுரிக்காரர் பொறுப்பானவர், சென்னைக்காரர் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சென்னையில் வாடகைக்கு இருக்கிறவர் வீடு மாறிக்கொண்டே இருப்பார், பெயர் மட்டும் பழைய விலாசத்திலேயே நிற்கும், சில பேருக்கு ஊரிலும் ஒரு பெயர், பட்டணத்திலும் ஒரு பெயர். சதவீதம் என்பது பின்னம், பிள்ளைகள் படித்திருப்பீர்கள். மேலே உள்ள எண்ணைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறோம். கீழே உள்ள எண், அதாவது பட்டியலில் பதிவான மொத்தப் பெயர், சரியா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. அதில் நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது, திறப்பு பக்கத்து வீட்டில். அந்த நாலு வீட்டுக்காரரில் சிலருடைய பெயர் கனடா போய்ப் பல வருடம் கழிந்தும் வாக்காளர் இடாப்பில், அதாவது பட்டியலில், இருந்தது. தேர்தலன்று அவர்களும் ‘வாக்களிக்காதவர்’ கணக்கில்தான் சேர்வார்கள். அப்புறம் ஒரு பேச்சாளர் மேடையேறி, யாழ்ப்பாணத்தாருக்கு அக்கறை இல்லை என்பார்.

அப்படியானால் அந்தப் பெயர்களை வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்களுக்குக் கள்ள மனசு. எங்கள் நாட்டில் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பெரும்பாலும் பதிவான வாக்காளர் தொகையைப் பொறுத்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் சேர்த்து, 2010-இல் 9 ஆசனம், 2015-இல் 7, 2024-இல் 6. பெயர் குறையக் குறைய ஆசனமும் குறைகிறது. அதனால் ‘இருக்கட்டும் விடுங்கோ’ என்று எல்லாரும் ஒருக்கால் கண்ணை மூடிக்கொள்கிறோம். நானும் மூடியிருக்கிறேன்.

வெட்டுவதிலும் ஆபத்து உண்டு. 2025-இல் பீகாரில் பட்டியலைத் திருத்தியபோது வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 65 லட்சம் பெயர் இல்லை. செத்தவர், இடம்பெயர்ந்தவர், இரண்டு இடத்தில் பதிந்தவர் என்று காரணம் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில், நீக்கிய ஒவ்வொரு பெயரையும் காரணத்தோடு வெளியிடச் சொல்லி உத்தரவிட்டது. இடம்பெயர்ந்த சனம் நாங்கள், இதை ஒருவர் விளக்கத் தேவையில்லை. முகாமில் இருந்தவனை ‘விலாசத்தில் இல்லை’ என்று ஒரு கோட்டில் அழித்துவிடலாம்.

இந்தியாவில் எனக்குப் பிடித்த ஆள் ஆட்சியர் இல்லை, வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஒரு சாவடிக்கு ஒருவர். பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். ஆயிரம் பேர் அளவில்தான் அவர் பொறுப்பு. எந்த வீட்டில் யார் செத்தார், எந்தப் பிள்ளை கல்யாணமாகிப் போனது என்பது பட்டியலைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். பதினெட்டு வயதானவரைச் சேர்க்க 2022 முதல் வருடத்தில் நாலு தகுதித் தேதிகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஜி.எஸ்., அதாவது கிராம சேவையாளர், தலையில் காணிப் பிரச்சினை, நிவாரணம், நற்சான்றிதழ் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இடாப்பும் கிடக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு தேர்தலில், இடம் வேண்டாம், ஒரு பள்ளிக்கூடம் என்று வையுங்கள், பின்னேரம் மூன்றரை மணிக்கு ஒரு அம்மா வந்தா. கையில் அடையாள அட்டை மட்டும், வாக்காளர் அட்டை வரவில்லை. இடாப்பைப் புரட்டினால் பெயர் இல்லை. விசாரித்ததில் அவவின் ஒழுங்கையை வேறு நிலையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அது இரண்டு மைல் தள்ளி. “தம்பி, நான் இஞ்சதானே எப்பவும் போடுறனான்” என்றா. சட்டப்படி என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெயிலில் குடையை விரித்துக்கொண்டு நடந்து போனா. அங்கே போனாவா, வீட்டுக்குப் போனாவா, தெரியாது. கணக்கில் அவவும் அக்கறையில்லாதவவாகத்தான் விழுந்திருப்பா.

இந்த இடத்தில் இந்தியாவைப் பார்த்து எனக்குப் பொறாமை. 2024-இல் 85 வயதைத் தாண்டினவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத இயலாமை உள்ளவர்களும் முன்கூட்டியே விண்ணப்பித்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அலுவலர்கள், ஒரு பொலிஸ்காரர், ஒரு வீடியோக்காரர் என்று வாசலுக்கே வருவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டை மறைப்பு ஒன்றை நிறுத்திவிட்டு மற்றவர்களை விலகச் சொல்வார்கள். பிள்ளைகள் எல்லாம் லண்டனிலும் டொரோண்டோவிலும் இருக்க, தாயும் தகப்பனும் தனியே இருக்கிற எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா? எங்களிடம் அது கிடையாது. எங்கள் தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம், வரைவு என்னிடம் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். வாக்களிப்பு முடியும் நேரத்தில் வரிசையில் ஆட்கள் நின்றால், அங்கே தலைமை அலுவலர் எண் போட்ட துண்டுகளைக் கொடுப்பார், வரிசையின் முன்னாலிருந்து இல்லை, வாலிலிருந்து. கடைசியாக நிற்பவருக்கு ஒன்றாம் இலக்கம். அதற்குப் பிறகு ஓடிவந்து யாரும் பின்னால் ஒட்ட முடியாது, நின்றவர் யாரும் விடுபடவும் முடியாது. இதைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் சங்கக்கடை வரிசையில் நின்று அடிபட்டவராக இருக்கவேண்டும்.

ஆனால் எல்லாம் சரியாக இருந்தாலும் போகாத ஆள் உண்டு, அதை நாங்கள்தான் நன்றாக அறிவோம். 1931-இல் சர்வஜன வாக்குரிமை வந்த முதல் தேர்தலையே, இந்திய சுதந்திரப் போராட்டத்தின் சூட்டில் வளர்ந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் அமைப்பின் அழைப்பால், யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நாலு ஆசனமும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் ஏழு லட்சம் பேர் பதிவாகியிருக்க விழுந்த வாக்கு 8,524. புலிகளின் பகிஷ்கரிப்பு அது. அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களில் விரும்பி இருந்தவர் எத்தனை பேர், பயந்து இருந்தவர் எத்தனை பேர் என்று எந்தச் சதவீதமும் சொல்லாது. 2024-இல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரத்தார், பரந்தூர் விமான நிலையத்துக்குக் காணி போகிறது என்று வாக்களிக்க மறுத்தார்கள். அலுவலர்கள் போய்ப் பேசிப் பார்த்தார்கள். அந்தச் சனத்துக்கு விழிப்புணர்வு குறைவு என்று யாராவது சொல்வார்களா?

கடைசியாக ஒன்று, இது எங்கள் வீட்டு ஓட்டை. 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்கு 32,767. பதினொரு பேரில் ஒருவர், வேலை மினக்கெட்டு, வரிசையில் நின்று, மையும் பூசிக்கொண்டு, வீணாக்கிவிட்டு வந்திருக்கிறார். இந்தியாவில் இயந்திரத்தில் ஒரு பொத்தான், பிழை விட இடமே இல்லை. பிடிக்கவில்லையென்றால் 2013 முதல் ‘மேற்கண்ட யாரும் இல்லை’ என்ற பொத்தானும் உண்டு. எங்களுக்கோ முழநீளக் கடதாசி. கட்சிக்குப் புள்ளடி போடாமல் வேட்பாளரின் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்த வாக்குப் போய்விட்டது, இரண்டு கட்சிக்குப் போட்டாலும் போய்விட்டது. கோபத்தில் கெடுத்தவர்களும் அதில் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. தெரியாமல் கெடுத்தவர்களுக்கு ஒரு மாதிரிச் சீட்டும் பென்சிலும் கொடுத்துப் பழக்க அரை மணித்தியாலம் காணும்.

சரி, மழை தொடங்கிவிட்டது, உடனே போக ஏலாது. வாசல் மேசையில் எங்கள் பிரிவு இடாப்பிலிருந்து இளைஞர்கள் கையால் பார்த்தெழுதிய கொப்பி இருக்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு உங்கள் ஒழுங்கைப் பக்கத்தை ஒருக்கால் பாருங்கள். ஆள் இல்லாத பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு, பெயர் இல்லாத ஆளுக்கு அடியில் ஒரு வரி. என் ஒழுங்கையை நான் முடித்துவிட்டேன், கனடாக்காரரையும் சேர்த்து.